அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா? மார்கழி வேற வருது

பெருமாள்புரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு யோசனை வேணும். அப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, மழை இறங்குனா இளைப்பும் கூடவே வந்துரும். இன்ஹேலர் வாங்கி வச்சிருக்கு, எடுங்கன்னா எடுக்க மாட்டாங்க, பழகிரும்னு பயம். ஐப்பசி மழை தொடங்குனதுல இருந்தே எங்க தெருவுல ஒரு வீடு விடாம தடுமமும் காய்ச்சலும் சுத்திக்கிட்டு இருக்கு, பக்கத்து வீட்டு மாமாவுக்கு காய்ச்சல் விட்டும் இருமல் விடாம கடைசில நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில படுத்து எந்திரிச்சுதான் வந்தாங்க. சுகர் செக்கப்புக்கு போன இடத்துல டாக்டரம்மா, வருசத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி போட்டுக்கிடுங்கன்னு சொன்னாங்க. அப்பா அங்க தலைய ஆட்டிட்டு ஆட்டோல ஏறும்போதே "கொரோனாவுக்குத்தான் மூணு குத்து வாங்கியாச்சே, இனி என்ன ஊசி"ன்னு முடிச்சிட்டாங்க.

இதுல மார்கழி பொறந்தா விடியக்காலம் நாலரைக்கு பச்சத்தண்ணில குளிச்சிட்டு வெறும் துண்ட போத்திக்கிட்டு பஜனைக்கு கிளம்பிருவாங்க. ஞாயித்துக்கிழமைன்னா குறுக்குத்துறை ஆத்துல முங்கணும். மப்ளர எடுத்து குடுத்தா "இத கட்டிக்கிட்டு சாமி கும்பிடவா"ன்னு வீசி எறியிதாங்க. நம்ம திருநெல்வேலி குளிர சொன்னா ஊட்டிக்காரன் சிரிப்பான்னு தெரியும், ராத்திரி 22, 23 டிகிரிக்கு கீழ எங்க போகுது, ஆனா இளைப்புக்காரங்களுக்கு அதுவே போதும்.

ஊசி போட்டா அதுனாலயே காய்ச்சல் வரும்னு அம்மா பயப்படுதாங்க. உண்மையா? இப்பவே கார்த்திகை கடைசி, இனிமே போட்டு பிரயோசனம் உண்டா? போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

வண்ணாரப்பேட்டை_வம்பன்:
அண்ணாச்சி, ஊசிக்கு குடுக்க ரூவாய்க்கு உடன்குடி கருப்பட்டி அஞ்சு கிலோ வாங்கி போடுங்க. சுக்கு, மல்லி, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டு காலைல ஒரு லோட்டா சாயந்திரம் ஒரு லோட்டா, ராத்திரிக்கு தூதுவளை ரசம், படுக்கதுக்கு முன்னாடி நொச்சி எலைய போட்டு ஆவி. தடுமம் தெருவோட போயிரும். எங்க ஆச்சிக்கு வயசு 80-க்கு மேல, இந்த வயசு வரைக்கும் ஒரு ஊசி போட்டதில்ல, இன்னைக்கும் வாசல் தெளிச்சு கோலம் அவங்கதான் போடுதாங்க. இப்ப எதுக்கெடுத்தாலும் ஊசின்னு ஆகிப் போச்சு.

சேர்மாதேவி_சிஸ்டர்:
வம்பன் தம்பி, உங்க ஆச்சி இடது கைய ஒரு தடவ திருப்பி பாருங்க. வட்டமா அம்மை குத்துன தழும்பு இருக்கும். அந்த காலத்துல சின்னதா பல்லு வச்ச ஒரு தட்டை வச்சு கையில திருகுவாங்க, பிள்ளைங்க அம்மை குத்துறவர கண்டா வைக்கப்போருக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிடும். அப்பிடி குத்துனதுனாலதான் 1975-க்கு பிறகு நம்ம நாட்டுல பெரியம்மை இல்ல, 1980-ல உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சாங்க. ஆச்சி ஊசி போடாம வளந்தாங்கன்னு சொல்லாதீங்க.

இப்ப பெருமாள்புரத்து தம்பிக்கு. நான் கெவர்மெண்ட் ஆஸ்பத்திரில நர்சா இருந்து ரிட்டயர்டு ஆனவ, அதுனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல அம்மாவோட பயம். இங்க கையில போடுற ஃப்ளூ ஊசில இருக்கது செத்த கிருமியோட துண்டு, அது எந்திரிச்சு வந்து ஃப்ளூ காய்ச்சல உண்டாக்காது. போட்ட எடத்துல வலி, கொஞ்சம் மேல் வலி, சிலருக்கு லேசா சூடு, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும். ஒடம்பு எதிர்ப்பு சத்த தயார் பண்ணுறதுக்கு ரெண்டு வாரம் ஆகும், அந்த ரெண்டு வாரத்துக்குள்ள தெருவுல சுத்துற காய்ச்சல் தொத்திக்கிட்டா சனங்க ஊசி மேல பழிய போட்டுருவாங்க. எங்க வார்டுல இதே கதைய நான் கேட்டு கேட்டு சலிச்சு போனவ.

கொரோனா ஊசி கொரோனாவுக்கு. ஃப்ளூ வேற கிருமி, அது அதுக்கு அது. 2009-ல பன்றிக்காய்ச்சல்னு ஊரே நடுங்குச்சுல்லா, அந்த எச்1என்1 இப்ப வருசா வருசம் வார சாதாரண ஃப்ளூல ஒண்ணாகிப் போச்சு, இந்த ஊசில அதுவும் அடக்கம். கிருமி வருசத்துக்கு வருசம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இருக்கும், அதுனால உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரில ஒரு தடவ, செப்டம்பர்ல ஒரு தடவ எந்தெந்த வகைய சேக்கணும்னு சொல்லும். போன வருசம் போட்டாச்சுன்னு இந்த வருசம் விட முடியாததுக்கு காரணம் அதுதான், போட்ட சத்தும் மாசம் போகப் போக கொறையும்.

லேட்டான்னு கேட்டீங்க. நம்ம பக்கம் ஃப்ளூ குளிரோட வாரத விட மழையோடதான் ஜாஸ்தியா வருது. வெளிநாட்டுல பனிக்கு பயந்து கதவ அடைச்சு ஒண்ணா உக்காந்திருக்காங்க, நம்ம ஐப்பசி கார்த்திகைல சாரலுக்கு சன்னல அடைச்சு ஒரே ரூம்ல ஆறு பேரு படுக்கோம், இருமுனா எல்லாருக்கும் பங்கு. அதுனால புரட்டாசிக்கு முன்னாடியே போட்டிருந்தா ரொம்ப நல்லது. ஆனா சீசன் முடிஞ்சிரல, ஜனவரி பிப்ரவரி வரைக்கும் இருக்கும். இந்த வாரம் போட்டீங்கன்னா திருவாதிரைக்கு நெல்லையப்பர் கோயில் தாமிர சபைல கூட்டத்துல நெருக்குப்படுறதுக்குள்ள எதிர்ப்பு சத்து வந்துரும்.

போட்டா வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். சுத்துற கிருமியும் ஊசில உள்ளதும் நல்லா பொருந்துன வருசத்துல டாக்டர்கிட்ட போற அளவுக்கு ஃப்ளூ வாரத 40-ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் கொறைக்கும், அவ்வளவுதான். ஆனா வந்தாலும் நிமோனியா, ஆக்சிஜன், ஐசியூன்னு போறது கொறையும். அப்பாவுக்கு வேண்டியது அதுதானே. சுகர், இளைப்பு, 65-க்கு மேல வயசு, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலே போடணும்பாங்க, அவங்களுக்கு மூணும் இருக்கு. ஃப்ளூ வந்த வாரத்துல ஹார்ட் அட்டாக் வார வாய்ப்பும் கூடும், அத யாரும் எடுத்துச் சொல்லுறதில்ல. நிமோனியாவுக்கு தனியா ஒரு ஊசி உண்டு, அதையும் டாக்டரம்மாகிட்ட கேளுங்க, ஒரே நாள்ல ஒரு கையில இது, இன்னொரு கையில அதுன்னு போட்டுக்கிடலாம்.

போறன்னைக்கு நல்ல காய்ச்சல் இருந்தா தள்ளி வைங்க, வெறும் மூக்கொழுகலுக்கு தள்ள வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லிருங்க, குத்துன எடத்த கொஞ்ச நேரம் கூடுதலா அமுக்கி பிடிக்கணும், தேய்க்க கூடாது. முன்னாடி எந்த ஊசிக்காவது மூச்சு முட்டி மேலெல்லாம் தடிச்சிருந்தா அதையும் மறைக்காம சொல்லணும். போட்டு முடிச்சு கால் மணி அரை மணி அங்கனயே உக்கார வைங்க.

வண்ணாரப்பேட்டை_வம்பன்:
சிஸ்டர், இப்பத்தான் போய் பாத்தேன். ரெண்டு வட்டம் இருக்கு 😀 கேட்டா "அது ஊசி இல்லலே, அம்மை குத்துனது"ங்காங்க. நான் இனி இந்த திரெட்ல வாய தொறக்கல. சுக்கு காப்பிய மட்டும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

மருந்துக்கடை_அண்ணாச்சி:
சுக்கு காப்பி குடிங்க தம்பி, யாரு வேண்டாம்னா. தொண்டைக்கு சுகமா இருக்கும், எங்க கடைல நானே மத்தியானம் அதத்தான் குடிக்கேன். ஆனா சுகர்காரருக்கு கருப்பட்டி போட்டு ரெண்டு லோட்டான்னு எழுதுதீங்களே, அது நியாயமா? கருப்பட்டியும் சக்கரதான், சுகர ஏத்தத்தான் செய்யும். வெல்லம்னா பயப்படுதவங்க கருப்பட்டின்னா மருந்துன்னு நெனச்சு குடிச்சிட்டு அடுத்த மாசம் ரிப்போர்ட்ட கொண்டாந்து என்கிட்ட காட்டி என்ன அண்ணாச்சி இப்பிடி ஏறிப் போச்சுங்காங்க. சுக்கு, மல்லி, மிளகு மட்டும் கொதிக்க வச்சு குடிக்க சொல்லுங்க.

ஊசி விசயத்துல நான் சொல்லுதது ஒண்ணே ஒண்ணு, வாங்குற எடம். இந்த மருந்து 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், வெயில்ல கெடந்தாலும் போச்சு, ஃப்ரீசர்ல உறைஞ்சாலும் போச்சு, திரிஞ்ச பால மறுபடி பாலாக்க முடியாதுல்லா, அது மாதிரிதான். உறைஞ்சு உருகுன ஊசிய கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது. அதுனால கடைல வாங்கி கவர்ல போட்டு பைக்ல தொங்க விட்டுக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு போய் அங்க ஒரு மணி நேரம் காத்து கெடக்கத விட, ஊசி வச்சிருக்க ஆஸ்பத்திரிலயே போய் போடுறது உத்தமம். கடைலதான் வாங்கணும்னா ஐஸ் பேக் வச்ச டப்பால கேளுங்க, ஐஸ்ல நேரா முட்டாம நடுவுல பேப்பர் சுத்தி. பெட்டிய கையில வாங்கி எந்த வருசத்து சீசன்னு, எக்ஸ்பைரி எப்பன்னு படிச்சிட்டு குடுங்க, கேக்கதுக்கு கூச்சப்படாதீங்க, துட்டு உங்களுது.

ஃப்ளூ ஊசில நாலு வகை கிருமிக்கு உள்ளது, மூணு வகைக்கு உள்ளதுன்னு ரெண்டு விதம் பேச்சு அடிபடும். நாலாவதா இருந்த பி யமகாட்டான்னு ஒரு வகை 2020 மார்ச்சுக்கு பிறகு உலகத்துல எங்கயும் உறுதியா தட்டுப்படல, அதுனால மூணு வகைன்னா மட்டம்னு நெனைக்க வேண்டாம்.

இன்னொன்னும் இதோட சொல்லிருதேன். தடுமம் காய்ச்சல்னு வந்து "ஒரு செட்டு மாத்திரை ரெண்டு வேளைக்கு குடுங்க"ன்னு பேப்பர்ல மடிச்சு வாங்குற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் போகல. அதுல ஸ்டீராய்டு கெடந்தா அப்பாவுக்கு சுகர் எங்கயோ போயிரும். ஃப்ளூ வைரஸ், ஆன்டிபயாட்டிக்குக்கு அது மசியாது. அதுக்குன்னு தனி மாத்திரை இருக்கு, காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும், டாக்டர் சீட்டு வேணும். அப்பா வயசுக்காரங்களுக்கு காய்ச்சல் வந்தா மூணு நாள் பாப்போம்னு இருக்காதீங்க. அதுவும் இந்த மழை மாசத்துல டெங்குவும் சேந்து சுத்தும், பாரசிட்டமால தவிர வேற வலி மாத்திரைய நீங்களா குடுக்க கூடாது.

நாலுமுக்கு_நெனப்பு:
நான் பொறந்து வளந்தது மாஞ்சோலைக்கு மேல நாலுமுக்கு எஸ்டேட்ல, இப்ப வேலை நின்ன பிறகு அம்பைல இருக்கோம். கீழ உள்ளவங்க குளிருதுன்னு சொல்லும்போது எங்க வீட்டுல சிரிப்போம், மேல மழைக்காலம்னா துணி வாரக்கணக்குல காயாது, அடுப்புக்கு மேல கயிறு கட்டி உலத்துவோம், கம்பளில புகை வாடைதான் எப்பவும். ஆனா ஒண்ணு சொல்லணும், கீழ வந்த பிறகு எங்க அம்மாவுக்கு இளைப்பு கூடத்தான் செஞ்சிருக்கு. காரணம் குளிரு இல்ல, மூடுன ரூம்ல கொசுவத்தி. மழைக்கு சன்னல சாத்திருதோம், கட்டிலுக்கு அடியில கொசுவத்தி சுருள், சாயந்திரம் சாம்பிராணி வேற. விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து விசில் சத்தத்தோட மூச்சு விடுவாங்க. கொசுவல கட்டி, சுருள எடுத்து வெளிய போட்ட பிறகு ராத்திரி தூங்குதாங்க. உங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில என்ன பொகையுதுன்னு முதல்ல பாருங்க.

குளிருக்கு எங்க பழக்கம் என்னன்னா ஒரு தடி கம்பளிய விட ரெண்டு மூணு மெல்லிசு துணி ஒண்ணு மேல ஒண்ணு. உள்ள பனியன், மேல முழுக்கை சட்டை, அதுக்கு மேல சால்வை. வேர்த்தா ஒண்ண கழட்டலாம், பஜனைல கூட்டத்துக்குள்ள நின்னா வேர்க்கும், அந்த ஈரத்தோட வெளிய வந்தாத்தான் வெடவெடங்கும். காதும் நெஞ்சும் மூடியிருந்தா பாதி வேலை முடிஞ்சது. மப்ளர் வேண்டாங்குறவங்கள கட்டாயப்படுத்தாதீங்க, துண்டையே தலையோட சேத்து காத மூடி மூக்குக்கு கொஞ்சம் மேல வார மாதிரி போத்தச் சொல்லுங்க, குளுந்த காத்து நேரா நெஞ்சுக்குள்ள போகாம அது தடுக்கும். தரைல உக்காரும்போது சிமெண்டுல உக்காராம பாய் கொண்டு போகச் சொல்லுங்க, பத்தமடை பாய்தான் வேணும்னு இல்ல, ஒரு ஜமுக்காளத்துண்டு போதும்.

ஆனா ஒண்ணு, கரி அடுப்பு, தணல் சட்டி இதெல்லாம் குளிருக்குன்னு மூடுன ரூமுக்குள்ள வச்சுக்கிட்டு படுக்காதீங்க. வாடையே இல்லாம ஒரு வாயு வரும், தூங்குனவங்க எந்திரிக்க மாட்டாங்க. மேல பெரியவங்க சன்னல கொஞ்சம் தொறந்து வச்சிட்டுத்தான் தணல் மூட்டுவாங்க, கேட்டா திட்டுவாங்க, அர்த்தம் பிறகுதான் புரிஞ்சுது.

வள்ளியூர்_காத்தாடி:
மருந்துக்கடை அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு. பேர் சொல்லல, ஒரு கிளினிக்ல எங்க மாமனாருக்கு இதே ஊசி போட கூட்டிட்டு போனோம், அந்த பிள்ள ஃப்ரிட்ஜ தொறக்குது, உள்ள தண்ணி பாட்டில், யாரோ சாப்பாட்டு டப்பா, கதவுல சொருகி வச்சிருக்க ஊசி பெட்டி. கதவுப் பக்கம் தொறக்க தொறக்க சூடு மாறிக்கிட்டே இருக்கும்ல. பெட்டிய வாங்கி பாத்தா எக்ஸ்பைரி போன மாசம். கேட்டா "ஒரு மாசந்தான சார், ஒண்ணும் செய்யாது"ங்குது. நான் சத்தம் போடல, மாமனாரு போட்டாரு, தெருவே கேட்டுச்சு. பிறகு வேற எடத்துல போய் போட்டோம், அங்க தெர்மாமீட்டர் வச்ச தனி ஃப்ரிட்ஜ், நர்சு பெட்டிய காட்டி படிச்சு சொல்லிட்டுத்தான் பிரிச்சாங்க. காசு அங்கயும் இங்கயும் ஒண்ணுதான்.

அப்புறம் ஊசின்னு பேச்சு வந்ததால, 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு பிறகு வீடு கழுவும்போது சேத்துக்குள்ள ஆணி குத்துன எத்தன பேருக்கு ரண ஜன்னிக்கு (டெட்டனஸ்) போடுற டிடி ஊசி கடைசியா எப்ப போட்டோம்னே தெரியல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன மழை அது, வெள்ளத்துல வீட்டுக்குள்ள என்னவெல்லாமோ அடிச்சுட்டு வந்துச்சு. பத்து வருசத்துக்கு ஒண்ணு அது. அப்பாவ கூட்டிட்டு போகும்போது அதையும் விசாரிச்சிருங்க.

பெருமாள்புரத்தான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர் எழுதுனத அப்பாகிட்ட அப்பிடியே படிச்சு காட்டுனேன், காய்ச்சல், ஐசியூ எல்லாம் கேட்டுட்டு சும்மா இருந்தாங்க, திருவாதிரைன்னு வந்ததும் "என்னைக்கு போகணும்"னு கேட்டாங்க. போட்டாச்சு. பெட்டிய நான் வாங்கி படிச்சேன், நர்சம்மா மொறச்சாங்க, பரவால்ல. அன்னைக்கு ராத்திரி கை வலின்னு அந்தப் பக்கம் சாஞ்சு படுக்கல, மறுநாள் மத்தியானம் வழக்கம்போல பேப்பர் படிச்சிட்டு அரசியல் பேச ஆரம்பிச்சிட்டாங்க, காய்ச்சல் ஒண்ணும் இல்ல.

கட்டிலுக்கு அடியில கொசுவத்திதான், நாலுமுக்கு அண்ணன் நேர்ல வந்து பாத்த மாதிரி சொல்லிட்டீங்க. வல வாங்கியாச்சு. பச்சத்தண்ணிய மட்டும் இன்னும் விட்டுக் குடுக்கல, அதுக்கு எதாச்சும் வழி இருக்கா?

சேர்மாதேவி_சிஸ்டர்:
நல்லது தம்பி. பச்சத்தண்ணிய ஒரேயடியா நிறுத்துங்கன்னா கேக்க மாட்டாங்க, வீட்டுல இருக்க அன்னைக்கு வெதுவெதுன்னு வச்சு குடுங்க. ஆத்துக்கு போனா எடுத்த ஒடனே தலையோட முங்காம கால், கை, தோளுன்னு பைய நனச்சிட்டு எறங்கச் சொல்லுங்க, திடீர்னு குளுந்த தண்ணி பட்டா ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். மழை பெஞ்சு ஆத்துல தண்ணி கலங்கலா வார நாள்ல போகவே வேண்டாம். இன்ஹேலர் பழகிரும்னு பயப்பட வேண்டாம்னு நான் சொன்னதா சொல்லுங்க, அந்த மருந்து நேரா நெஞ்சுக்குள்ள போகுது, மாத்திரைய விட கொஞ்சூண்டுதான். பஜனைக்கு போகையில சட்டைப் பைல அது இருக்கணும்.

ஆவி பிடிக்கதுல ஒரு எச்சரிக்கை, கொதிக்க கொதிக்க சட்டிய மடில வச்சுக்கிட்டு போர்வைய மூட வேண்டாம். வருசா வருசம் தொடையெல்லாம் வெந்து வாரவங்கள பாத்திருக்கேன், பாதிப் பேரு சின்னப் பிள்ளைங்க. மேசை மேல வச்சு தள்ளி உக்காந்து பிடிச்சா போதும்.

களக்காட்டு_மருமக:
அக்கா, நானும் இதுல ஒண்ணு கேட்டுக்கிடுதேன். எனக்கு கைக்குழந்தை இருக்கு, நாலு மாசம். மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் தடுமம். பிள்ளைக்கு இந்த ஃப்ளூ ஊசிய போட்டுறலாமா? புதன்கிழமை சுகாதார நிலையத்துல போடுறதுல இது வருமா? மாமியாரு பிள்ள மூக்குல கற்பூரத் தைலம் தடவச் சொல்லுதாங்க.

சேர்மாதேவி_சிஸ்டர்:
ஆறு மாசம் முடியாம போட முடியாதும்மா. புதன்கிழமை போடுற பட்டியல்ல இது இல்ல, ஆனா அந்த ஊசிங்கள தடுமத்துக்கு பயந்து தள்ளிப் போட்டுறாத, அதுல நிமோனியாவுக்கு உள்ளதும் சேந்துதான் இருக்கு. பிள்ளைக்கு பதிலா நீயும் வீட்டுக்காரரும் மாமியாரும் போட்டுக்கிடுங்க, பால் குடுக்கும்போது போடலாம், ஒண்ணும் செய்யாது, உன் எதிர்ப்பு சத்துல கொஞ்சம் பால்லயும் பிள்ளைக்கு போகும். ஆறு மாசம் முடிஞ்சதும் பிள்ளைக்கு முதல் தடவைங்கறதால நாலு வார இடைவெளில ரெண்டு ஊசி. அதுவரைக்கும் தடுமம் உள்ளவங்க பிள்ளைய தூக்கும்போது மாஸ்க் போடணும், கைய சோப்பு போட்டு கழுவணும், மொகத்துல முத்தம் குடுக்க கூடாது. கற்பூரத் தைலம் கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், மூச்சு திணறிரும், வலிப்பே வரும். மூக்கு அடைச்சா கடைல உப்புத்தண்ணி சொட்டு மருந்து கேளு. பிள்ள பால் குடிக்க மறுத்தாலோ, நெஞ்சு உள்வாங்கி மூச்சு வாங்குனாலோ ராத்திரின்னு பாக்காத, ஒடனே 108-க்கு அடிச்சிரு.

களக்காட்டு_மருமக:
சரிக்கா. தைல பாட்டில எடுத்து பரண்ல வச்சிட்டேன், மாமியாரு தேடிக்கிட்டு இருக்காங்க.